கன்சோல் ஷூட்டிங் கேமில் லேக்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

"மாமா, 500 எம்பிபிஎஸ்ஸுக்கு மாத்தியாச்சு, இன்னும் லேக் அடிக்குது." கோலாலம்பூர் செந்தூலிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டு இப்படிச் சொன்னபோதே அவன் எங்கே சறுக்கினான் என்று புரிந்துவிட்டது. எதையும் அளக்காமல் முதலில் வேகமான நெட் திட்டத்துக்குக் காசைக் கட்டியிருக்கிறான்.

அவன் வீடு, என் வீடு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பன் வீடு, பட்டர்வொர்த்தில் சித்தப்பா வீடு என்று இதே வேலையைப் பல இடங்களில் செய்து பார்த்துவிட்டேன். ஒரே ஒரு வீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கோளாறு வீட்டுக்குள்தான் இருந்தது. ஷூட்டிங் கேம் ஓட வேகம் பெரிதாகத் தேவையில்லை. பெரும்பாலான கேம்கள் 1 எம்பிபிஎஸ்கூடத் தின்பதில்லை. அதற்கு வேண்டியது, சின்னச் சின்னத் தகவல் பொட்டலங்கள் தாமதமின்றி, ஒரே சீராகப் போய்வருவது.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்து, அளந்து, எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ரவுட்டரிலிருந்து கன்சோல்வரை எட்டும் ஒரு லான் கேபிள். நிரந்தரமாக இழுக்கப்போவதில்லை என்றாலும் சோதனைக்கு இது வேண்டும், யாரிடமாவது இரவல் வாங்கினாலும் போதும். பிறகு ஒரு மடிக்கணினி, ஒரு நோட்டு, ஒரு பேனா.

ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் தேடி வையுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். உள்ளே நுழைந்ததும் எதையும் மாற்றாமல் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் ஊசியைக் குத்தாதீர்கள். நம் மலேசியாவில் பல ஃபைபர் இணைப்புகள் பிபிபிஓஇ என்ற முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத்தான் இணையத்துக்குள் போகின்றன. சிலவற்றுக்கு விலேன் எண்ணும் (நிறுவனம் தன் இணைப்புக்கு வைத்த அடையாள எண்) வேண்டும், யூனிஃபை இணைப்புக்கு அது 500. ரீசெட் செய்தால் இவையெல்லாம் அழிந்துபோகலாம். பிரிக்பீல்ட்ஸ் நண்பன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இதைச் செய்துவிட்டு, ஆள் வந்து சரிசெய்யும்வரை திங்கட்கிழமை மாலைவரை காத்திருந்தான்.

2. அது நெட் லேக்தானா?

பாதிப் பேர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். லேக் என்று நாம் சொல்வது மூன்று வேறு வேறு கோளாறுகள்.

இணையத்தைத் துண்டித்துவிட்டு, கதைப் பகுதியையோ கன்சோலே ஆட்டும் எதிரிகளுடன் மோதும் பகுதியையோ விளையாடிப் பாருங்கள். அப்போதும் குச்சியைத் தள்ளியபின் குறி மெதுவாகத்தான் நகர்கிறது என்றால் அது டிவியின் தாமதம். டிவியில் கேம் மோட் போடுங்கள். படத்தை அழகாக்க டிவி செய்யும் வேலையெல்லாம் நேரம் தின்னும். சில பெட்டிகளில் அது 50, 100 மில்லி செகண்டைத் தாண்டும். எந்த ரவுட்டர் வாங்கினாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆள் அதிகமாக நிற்கும் இடத்தில் மட்டும் படம் திக்குகிறது என்றால் அது கன்சோலின் மூச்சுத்திணறல். அதற்கும் நெட்டுக்கும் சம்பந்தமில்லை.

நெட் கோளாறிலும் வகை உண்டு. சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு பட்டுச் சாகிறீர்கள் என்றால் பிங், அதாவது பொட்டலம் போய்த் திரும்பும் நேரம், அதிகம். ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் இழுத்து விடப்படுகிறீர்கள் என்றால் பொட்டலம் தொலைகிறது, அல்லது பிங் ஏறி இறங்குகிறது. எதிரிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் உறைந்து, பிறகு ஒரே பாய்ச்சலில் நகர்ந்தால் உங்கள் இணைப்பைப் பாருங்கள். ஒருவன் மட்டும் தாவுகிறான் என்றால் அவன் இணைப்புதான் மோசம். உங்கள் ரவுட்டரைத் திட்டி என்ன பயன்?

3. அளவு எடுப்பது

மூன்று எண்கள் தேவை. பிங் என்பது ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரம். ஜிட்டர் என்பது அந்த நேரம் எவ்வளவு ஆடுகிறது என்பது. மூன்றாவது, நூற்றுக்கு எத்தனை பொட்டலம் தொலைகிறது என்பது. ஷூட்டிங் கேமில் ஆடாமல் நிற்கும் 60, 15க்கும் 120க்கும் இடையே குதிக்கும் பிங்கைவிட நல்லது. நிலையான தாமதத்துக்குக் கையும் கண்ணும் பழகிக்கொள்ளும். குதிக்கும் தாமதத்துக்குப் பழகவே முடியாது.

மடிக்கணினியை, கன்சோல் எப்படி இணைந்திருக்கிறதோ அப்படியே இணையுங்கள். கன்சோல் வைஃபை என்றால் கன்சோல் இருக்கும் அதே இடத்தில் வைத்து வைஃபையிலேயே அளக்க வேண்டும். விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து, பிங் கட்டளையால் முதலில் ரவுட்டரை நூறு முறை தட்டுங்கள். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அப்புறம் 1.1.1.1 என்ற வெளி முகவரியை நூறு முறை. குறைந்தது, கூடியது, சராசரி, தொலைந்தது என்று நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை மதியம் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை செய்யுங்கள்.

இப்படி இரண்டு இடத்தைத் தட்டுவதில்தான் சூட்சுமம். ரவுட்டரைத் தட்டும்போதே 2, 3, 85, 4, 110 என்று வந்தால் கோளாறு உங்கள் கூடத்துக்கும் அறைக்கும் நடுவில். ரவுட்டருக்கு 1, 1, 1 என்று வந்து வெளியே மட்டும் ஆடினால் வீட்டில் யாரோ ரோட்டை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது நிறுவனத்தின் பக்கம் கோளாறு. இந்த ஒரு சோதனை செய்யாமல் ரவுட்டர் வாங்கப் போகாதீர்கள்.

கன்சோலிலும் சோதனை உண்டு. எக்ஸ்பாக்ஸின் நெட்வொர்க் சோதனை தாமதத்தையும் பொட்டல இழப்பையும் காட்டும். பிஎஸ் 5இன் சோதனை இறக்கும் (டவுன்லோட்) வேகம், ஏற்றும் (அப்லோட்) வேகம், நேட் வகை (எட்டாவது படியில் வரும்) ஆகியவற்றைக் காட்டும், பிங்கைக் காட்டாது. "பிஎஸ் 5இல் 300 எம்பிபிஎஸ் காட்டுது மாமா, நெட் நல்லாத்தான் இருக்கு" என்று அக்கா மகன் வாதாடியது இதனால்தான். கேமுக்குள் காட்டும் எண்ணை நம்புங்கள். கால் ஆஃப் டியூட்டியில் டெலிமெட்ரி, ஃபோர்ட்நைட்டில் நெட் டீபக் என்று அமைப்புகளில் தேடினால் கிடைக்கும். போட்டுவிட்டால் திரை ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு வந்தால் நல்லது? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதாவது 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வர 1 மில்லி செகண்ட். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கணக்குப்படி 3 போதும். கேபிள் நேர்கோட்டில் போகாது, வழியில் பல ரவுட்டர்கள் வேறு, அதனால் 8 முதல் 15 வரை வந்தால் அருமை. பினாங்கிலிருந்து தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பதால் சில எண்கள் கூடும், தப்பில்லை. தோக்கியோ 5,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே இருக்கும் சர்வரில் 50க்குக் கீழே யாராலும் கொண்டுவர முடியாது.

4. கேபிள் போடுங்கள்

இரவல் கேபிளை ரவுட்டரிலிருந்து கன்சோல்வரை தரையில் அப்படியே நீட்டி, ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். அழகெல்லாம் பிறகு. கேபிளில் லேக் காணாமல் போய்விட்டால் வைஃபைதான் குற்றவாளி என்பது முடிவு. அடுத்த படியைத் தாண்டி ஆறாவது படிக்கே போய்விடலாம்.

வைஃபையில் ஏன் ஆடுகிறது? காற்றலையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர் பேசினால் உங்களுடையது காத்திருக்க வேண்டும். மோதிக்கொண்டால் மறுபடி அனுப்ப வேண்டும். யூடியூப் பத்து நொடி முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்வதால் அதில் இந்தக் காத்திருப்பு தெரிவதில்லை. கேம் எதையும் முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது. எதிரி அடுத்த நொடி எங்கே நிற்பான் என்று சர்வருக்கே தெரியாதே.

கேபிள் வாங்கும்போது கேட் 5இ அல்லது கேட் 6 போதும். இரண்டுமே 100 மீட்டர்வரை 1 ஜிகாபிட்டைத் தாங்கும், கன்சோலின் துளையும் அதற்கு மேல் போகாது. கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைகளில் கேட் 8 என்று தடிமனான பின்னல் கேபிளை நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா. அலுமினியக் கேபிள் நம் வீட்டு மூலைகளில் இரண்டு முறை மடங்கினால் உள்ளே ஒடிந்துவிடலாம்.

தட்டைக் கேபிளைக் கதவுக்கு அடியில் விட்டு இழுப்பது பலர் செய்வது. நானும் செய்தேன். ஆறு மாதத்தில் கதவு அதை நசுக்கிவிட்டது. இணைப்பு அறவே போகாமல் அவ்வப்போது மட்டும் விட்டுவிட்டு வந்ததால் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் கேசிங் ஒட்டி அதற்குள் விடுங்கள். மாடி வீட்டில் சீலிங் வழியாக விடுவதானால் எலிக்கும் சேர்த்து யோசியுங்கள்.

புதிய கொண்டோவில் இருந்தால், வாங்குவதற்கு முன் சுவரைப் பாருங்கள். அறைக்கு அறை லான் துளை ஏற்கனவே இருக்கலாம். அதன் மறுமுனை வாசல் பக்கத்துப் பெட்டிக்குள் எதிலும் சொருகப்படாமல் சுருண்டு கிடக்கும். செந்தூல் வீட்டில் அப்படித்தான் இருந்தது. மூன்று வருடமாக அந்தத் துளைக்கு முன்னால் துணி அலமாரி நின்றிருக்கிறது.

இடி இடிக்கும் நாளில் ஒரு எச்சரிக்கை. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மின்னல் ரவுட்டரைத் தாக்கினால் லான் கேபிள் வழியாகக் கன்சோலின் துளையும் போகும். வானம் கறுத்தால் மின் இணைப்போடு லான் கேபிளையும் கழற்றுங்கள்.

5. கேபிள் போட வழியே இல்லை என்றால்

வாடகை அறை, வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார், இப்படிப் பல நிலைமைகள். அப்போது வைஃபையை ஒழுங்குபடுத்த வேண்டியதுதான்.

முதல் வேலை ரவுட்டரின் இடம். நம் வீடுகளில் அது டிவி மேசைக்குள், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், அல்லது சாமி மேடைக்குக் கீழே பித்தளை விளக்குகளோடு இருக்கும். தண்ணீர் அலையை விழுங்கும், உலோகம் திருப்பி அடிக்கும். திறந்த இடத்தில், இடுப்புக்கு மேல் உயரத்தில், கன்சோலுக்கும் அதற்கும் நடுவே சுவர் எண்ணிக்கை குறையும்படி வையுங்கள்.

அடுத்தது, கன்சோலை 5 கிகாஹெர்ட்ஸில் கட்டிப்போடுவது. 2.4இல் ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். ஓர் அடுக்குமாடியில் முப்பது ரவுட்டர்கள் அந்த மூன்றில் அடித்துக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இரையும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கன்சோலை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருக்கும். 5க்குத் தனிப் பெயர் கொடுத்து, கன்சோலில் அதை மட்டும் சேமித்து, பழைய பெயரை மறக்கச் செய்யுங்கள். முதல் தலைமுறை பிஎஸ் 4க்கு 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. அந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் எப்படியாவது கேபிளுக்குப் போய்விடுங்கள்.

5இல் சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை ஒன்றைக் கையால் போடுங்கள். நடுவிலுள்ள சேனல்களில் ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலிசெய்தாக வேண்டும் என்பது விதி. மேட்ச் நடுவே இணைப்பு திடீரென்று அறுந்து ஒரு நிமிடத்தில் திரும்புகிறது என்றால் இதையும் சந்தேகப்படுங்கள். நெரிசலான கட்டடத்தில் சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40க்குக் குறைத்தால் வேகம் குறையும், நிதானம் கூடும். நமக்கு வேண்டியது நிதானம்.

சுவரில் சொருகும் மலிவு ரிப்பீட்டர் வேண்டவே வேண்டாம். சிக்னல் கோடுகள் நிறைவாகத் தெரியும், அதை நம்பி எல்லாரும் வாங்குகிறார்கள். அதே காற்றில் கேட்டதைத் திரும்பச் சொல்லும் வேலைதான் அது செய்கிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் காத்திருப்பு இரண்டு முறை. மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தருவது) வாங்குவதானால் கன்சோல் பக்கத்துப் பெட்டிக்கும் முதன்மைப் பெட்டிக்கும் நடுவே கேபிள் போட முடிந்தால் மட்டும் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும்.

மின்கம்பி வழியாக நெட்டைக் கடத்தும் பவர்லைன் சில வீட்டில் நன்றாக ஓடும், சில வீட்டில் ஏர்கோன் ஓட ஆரம்பித்ததும் படுத்துவிடும். இரண்டு முனையையும் சுவர்ச் சாக்கெட்டில் நேராகச் சொருகுங்கள், எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். திருப்பிக் கொடுக்க முடியும் என்று கடைக்காரர் ஒத்துக்கொண்டால் மட்டும் வாங்குங்கள்.

6. ஏற்றும் பாதையை அடைப்பது யார்?

கேபிள் போட்டபிறகும் "சில நேரம் மட்டும் லேக்" என்றால் இதுதான் காரணமாக இருக்கும். ஷூட்டிங் கேம் ஆடுகிறவர்கள் அதிகம் கவனிக்காத இடமும் இதுதான்.

போன தைப்பூசத்தன்று நடந்தது. பத்துமலையிலிருந்து வீடு திரும்பி, அக்கா மகன் கேமைப் போட்டான். பிங் 12. பத்து நிமிடத்தில் 380. அவன் ரவுட்டரை அணைத்து ஏற்றினான், சற்று நேரம் 12, மறுபடி 380. கேபிள்தான் போட்டிருந்தோம். வீட்டில் யாரும் டவுன்லோட் செய்யவில்லை. ஒவ்வொரு கைப்பேசியாக வைஃபையை அணைக்கச் சொன்னேன். அக்காவின் கைப்பேசியை அணைத்ததும் எண் சட்டென்று 12க்கு விழுந்தது. காலையிலிருந்து எடுத்த காவடி வீடியோக்கள் அத்தனையும், அக்கா சார்ஜில் போட்டதும் கிளவுடுக்கு ஏறத் தொடங்கியிருக்கின்றன.

காரணம் இது. நம் வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஏற்றும் வேகம், இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஒரு சாதனம் அந்தப் பாதையை நிரப்பினால் ரவுட்டர் பொட்டலங்களை வரிசையில் நிறுத்தி வைக்கும். உங்கள் துப்பாக்கிச் சூடும் அந்த வரிசையின் வாலில் நிற்கும். பெருநாளுக்கு முதல் நாள் டோல் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பாதை இல்லாவிட்டால் அதுவும் லாரிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

சோதனை எளிது. மடிக்கணினியில் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கைப்பேசியில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். ஏற்றும் பகுதி ஓடும்போது பிங் 10, 20 கூடினால் பரவாயில்லை. 200, 300 என்று தாவினால் நோய் பிடிபட்டுவிட்டது.

ஏற்றுபவர்களைத் தேடும்போது கைப்பேசிகளோடு நிறுத்தாதீர்கள். கிளவுடில் பதியும் சிசிடிவி கேமரா நாள் முழுதும் ஏற்றும். கன்சோலே ஒரு குற்றவாளி: நீங்கள் பதிவுசெய்த கிளிப்பை எக்ஸ்பாக்ஸும் பிஎஸ் 5உம் தானாக மேலே அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். அதை அணைத்துவிடுங்கள்.

7. ரவுட்டரில் மோட்டார் சைக்கிள் பாதை

வீட்டாரிடம் "நான் விளையாடும்போது போட்டோ ஏற்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ரவுட்டரிடம் சொல்ல வேண்டும். எந்தப் பொட்டலம் முன்னால் போகலாம் என்று முடிவுசெய்யும் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் என்ற பகுதியைத் தேடுங்கள். எஸ்கியூஎம், கேக், எஃப்கியூ கோடெல் ஆகிய பெயர்களில் ஏதாவது தென்பட்டால் அதையே எடுங்கள். அது ஒவ்வொரு இணைப்பின் போக்குவரத்தையும் தனித்தனி வரிசையாகப் பிரித்து மாறி மாறி விடும். பெரிய ஃபைல் எவ்வளவு நீளமாக நின்றாலும் சின்னப் பொட்டலம் காத்திருக்காது. அது இல்லையென்றால், கன்சோலுக்கு முன்னுரிமை கொடுக்கும் சாதாரண கியூஓஎஸ்ஸாவது போடுங்கள்.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம், வேகத்தை எழுதும் கட்டம். திட்டத்தில் சொன்ன வேகத்தை அப்படியே எழுதினால் ஒன்றும் மாறாது. நீங்கள் அளந்த வேகத்தில் 90 விழுக்காடு எழுதுங்கள். 50 எம்பிபிஎஸ் ஏறுகிறது என்றால் 45. வரிசை நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டரிலேயே சேர்ந்தால்தான் அதை ஒழுங்குபடுத்த முடியும், அதற்குத்தான் இந்தக் குறைப்பு. பிறகு ஆறாவது படியின் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். இன்னும் தாவினால் 85 விழுக்காடு.

மலிவான ரவுட்டரின் மூளை 500 எம்பிபிஎஸ்ஸை இப்படிப் பிரித்து அனுப்பத் திணறும், வேகம் பாதியாகலாம். அப்போது ஏற்றும் பக்கத்துக்கு மட்டும் வரம்பு போட்டு, இறக்கும் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

8. நேட்

வீட்டுச் சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் ரவுட்டரின் வேலைதான் நேட். நேட் வகையைச் சரிசெய்தால் பிங் குறையும் என்று நினைக்காதீர்கள். குறையாது. ஆனால் நேட் இறுக்கமாக இருந்தால் உங்களோடு இணைய முடியாத ஆட்கள் கூடுவார்கள், மேட்ச் கிடைக்க நேரமாகும், குரல் உரையாடல் அறும். எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், பிஎஸ் 5இல் டைப் 2 வந்தால் போதும், அதற்கு மேல் நோண்டாதீர்கள்.

வரவில்லையென்றால் முதலில் ரவுட்டரில் யுபிஎன்பி (கன்சோல் கேட்கும் போர்ட்டை, அதாவது வாசலை, ரவுட்டர் தானே திறக்கும் வசதி) போட்டு கன்சோலை முழுமையாக அணைத்து ஏற்றுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிறுவனம் கொடுத்ததற்குப் பின்னால் சொந்தமாக வாங்கியதை மாட்டியிருப்பீர்கள், இரண்டும் நேட் செய்யும். சொந்த ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள், அல்லது நிறுவனத்துப் பெட்டியை நேட் செய்யாமல் கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள். எஸ்கியூஎம் சொந்த ரவுட்டரில் இருந்தால் இரண்டாவது வழிதான் சரி.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி 100.64இலிருந்து 100.127வரையிலான எண்ணில் தொடங்கினால், நிறுவனமே பல வீடுகளை ஒரு முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. நீங்கள் வீட்டில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வேலைக்காகாது. பொது முகவரி தர முடியுமா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

9. கன்சோலுக்குள்ளும் கேமுக்குள்ளும்

எந்த சர்வரில் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். அபெக்ஸ் லெஜெண்ட்ஸில் தொடக்கத் திரையிலேயே டேட்டா சென்டர் பட்டியல் வரும், ஒவ்வொன்றுக்கும் பிங்கும் இழப்பும் பக்கத்திலேயே. ஃபோர்ட்நைட்டில் மேட்ச்மேக்கிங் பகுதி என்று இருக்கும். வெளிநாட்டு நண்பர்களோடு ஆடும்போது மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குழுத் தலைவர் வேறு கண்டத்தில் இருந்தால் உங்களையும் அங்கே இழுக்கக்கூடும், ஆகவே சிங்கப்பூருக்குப் பக்கத்தில் இருப்பவர் தலைவராக இருக்கட்டும்.

பின்னணியில் டவுன்லோட் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்டேட்டெல்லாம் ஓய்வு நிலையில், நீங்கள் தூங்கும்போது நடக்கட்டும். கால் ஆஃப் டியூட்டியில் படங்களின் மேற்பரப்பை ஆடும்போதே இறக்கும் ஓர் அமைப்பு உண்டு, டெக்ஸ்ச்சர் ஸ்ட்ரீமிங் என்று இருக்கும். மெதுவான இணைப்பில் அதை அணையுங்கள்.

10. நேரத்தையும் காசையும் தின்பவை

டிஎன்எஸ் மாற்றுவது. பெயரை முகவரியாக மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. மேட்ச் தொடங்கியபின் அது எட்டிக்கூடப் பார்க்காது.

எம்டியூவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1473 ஆக்கு என்ற அறிவுரையும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தானியங்கியில் விடுங்கள்.

பிங்கைக் குறைக்கும் விபிஎன். நிறுவனம் உங்கள் போக்குவரத்தைச் சுற்றி அனுப்பும்போது மட்டும், அரிதாக, உதவும். மற்றபடி வழியில் இன்னொரு நிறுத்தம் கூடுவதுதான் மிச்சம்.

வேகமான திட்டம். அக்கா மகனின் வீட்டில் குற்றவாளிகள் ஒரு ரிப்பீட்டரும் காவடி வீடியோவும். 500 எம்பிபிஎஸ்ஸுக்கான 24 மாத ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறான்.

11. எல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால்

இப்போதுதான் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் வாசல் பக்கத்து ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை. மின்னாவிட்டாலும் சுவரிலிருந்து வரும் மெல்லிய இழைக் கேபிள் எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று கண்ணால் தேடுங்கள். கையால் நிமிர்த்தாதீர்கள், உள்ளே கண்ணாடி.

வீட்டுக்குள் இல்லாமல் வெளியே கோளாறு என்று நான் சொன்ன அந்த ஒரு வீடு பட்டர்வொர்த் சித்தப்பாவுடையது. மூன்று முறை கூப்பிட்டார், மூன்று முறையும் ரவுட்டரை அணைத்து ஏற்றச் சொன்னார்கள். நான்காவது முறை, நான்கு இரவு எடுத்த பட்டியலை அனுப்பினோம்: லான் கேபிளில், வேறெதுவும் ஓடாதபோது, ரவுட்டருக்கு 1 மில்லி செகண்ட், வெளியே 100க்கு 6 பொட்டலம் தொலைகிறது, தேதி, மணி. அதன்பிறகுதான் ஆள் வந்தார். கருவியில் ஒளியின் அளவு மைனஸ் 29 டிபிஎம் காட்டியது, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. வீட்டுப் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 27வரைதான் தாங்கும். செருப்பு அலமாரியைச் சுவரோடு தள்ளியபோது அதன் முதுகு இழைக் கேபிளை நசுக்கியிருந்தது. புதுக் கேபிள் மாட்டியதும் மைனஸ் 19.

நீங்கள் கூப்பிடும்போதும் "லேக்" என்ற சொல்லை விட்டுவிட்டு இந்த எண்களையே சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனம் இழுத்தடித்தால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியில் புகார் கொடுக்க அந்த எண் தேவைப்படும்.